ஆற்றுப்பொன்னும் ஆடும் மேசையும்

ஒரு காலை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி, தான் ஆடும் ஆட்டத்தினாலேயே அண்டங்களை அவற்றவற்றின் நிலையில் நிறுத்தி வைத்திருக்கிற பெருமானை முதற்கண் வணங்குகிறோம். உமி எது, அரிசி எது என்று முறத்துக்குத் தெரிவதுபோல, அறிந்தவர் எவர், அறியாதவர் எவர் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் இருவர் வயலிலும் ஒரே மழையைத்தான் பெய்விக்கிறான். அவன் கருணைக்கு எல்லையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இக்கதையில் வருகிறவர்கள் எல்லோரும் இன்றளவும் வேளை தவறாமல் உண்டு, சுகமாக இருக்கிறார்கள்.

மலையடிவாரத்தில் கொன்றையாறு என்று ஓர் ஆறு. அது இறங்கி வரும்போது மணலோடு சிறிது பொன்னையும் கொண்டுவரும். அதனால் கரையிலிருந்த அரிமணலூரில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. மணப்பெண்ணின் தாலியில் குன்றிமணி எடையாவது ஆற்றுப்பொன் இருக்க வேண்டும்; கடைப்பொன் ஆகாது. அதைப் பெண்ணின் தாய்மாமன் தன் பொறுப்பில் எடுத்துத் தர வேண்டும். தந்தவன், முகூர்த்தத்தன்று பெண்ணைத் தோளில் சுமந்து, மேளதாளத்தோடு மணவறைக்கு வருவான். தராதவன் பந்தலின் கடைக்கோடியில், பாய் விரிக்காத இடத்தில் உட்கார்ந்து, விருந்தாளிகளில் ஒருவனாகச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

குஞ்சிதபாதம் அப்படிப் போகப் பிறந்தவர் அல்லர். அவருடைய அக்காள் சௌந்தரிக்கு ஒரே மகள், பூங்கோதை. அவள் பிறந்த செய்தி வந்தபோதே குஞ்சிதபாதம் தம் தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். இப்போது திருமணம் நிச்சயமானதும், நெல்மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பழகினார். மூட்டை கூச்சப்படாமல் இருக்க அதற்கு ஒரு புடைவையும் சுற்றியிருந்தார்.

ஆனால் அவ்வாண்டு வந்த வெள்ளம் ஆற்றுப்பொன்னை அரைத்துவிட்டதோ என்னவோ, கிடைத்ததெல்லாம் மாவாகவே கிடைத்தது. மரவை என்னும் குழிந்த மரத்தட்டில் மணலை அள்ளிச் சுழற்றினால், முன்பெல்லாம் பொன்மணி அடியில் தங்கும். இந்த மாவுப்பொன்னோ நீரின் மேலேறி மிதந்து, விடைபெறாமலே போய்விட்டது. ஆகவே குஞ்சிதபாதம் கோயம்புத்தூருக்குச் சொல்லி அனுப்பி, பொன் பிரிக்கும் மேசை ஒன்றை வரவழைத்தார்.

கட்டில் நீளத்துக்கு ஒரு சாய்ந்த பலகை. அதன்மேல் நீளவாக்கில் மெல்லிய சட்டங்கள். டீசல் எஞ்சின் ஓடினால் பலகை மெல்ல முன்னே போய், வெடுக்கென்று பின்னே வரும். மேலேயிருந்து குழாய்நீர் மெல்லிய துணிபோல் வழியும். மணலை ஒரு மூலையில் இட்டால், லேசானது நீரோடு கீழ்விளிம்பில் விழுந்துவிடும். கனமானது சட்டங்களின் ஓரமாகவே நகர்ந்து மறுகோடியில் போய்ச் சேரும். கூட வந்த மெக்கானிக் ஞானப்பிரகாசம் அதைப் பொருத்திக் கொடுத்தார்.

“கனமானதை வெச்சுக்கங்க, லேசானதை விட்டுடுங்க. இவ்வளவுதாங்க சூத்திரம்” என்று சொல்லிவிட்டு, அவர் மலைமேல் வேறொரு வேலைக்குப் போய்விட்டார்.

குஞ்சிதபாதத்துக்குத் துணையாக மூவர் இருந்தனர். உலகளந்தான் என்பவரை யோசிப்பதற்கென்றே ஊர் வைத்திருந்தது. மாசிலாமணிப் பத்தர், நகை செய்வதைவிட நகையைப் பற்றிப் பேசுவதில் தேர்ந்தவர். திருமேனி என்ற இளைஞர் பெருவலிமை படைத்தவர்; யோசிக்கும் வேலையை அதற்கு உரியவர்களிடமே விட்டுவிட்டவர்.

மேசையருகில் நால்வரும் அமர்ந்து சூத்திரத்தை ஆராய்ந்தார்கள். திருமேனி ஒரு கையில் ஆற்றுக்கல் ஒன்றையும் மறுகையில் ஒரு துளி மாவுப்பொன்னையும் வைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, இது கையை இழுக்குது. அது இருக்கறதே தெரியலீங்க.”

“அப்பக் கனமானது எது?” என்று உலகளந்தான் கேட்டார்.

“கல்லுதானுங்க.”

பத்தருக்கு மனம் ஒப்பவில்லை. “கல்லை விடப் பொன்னு கனம்னு எங்கப்பா சொல்லுவாரே?”

“உங்கப்பா எந்தக் கல்லைச் சொன்னாரு?”

“மோதிரத்துல வைக்கிற கல்லை.”

“அது பொடிக்கல்லு பத்தரே. இது ஆத்துக்கல்லு. உங்கப்பா இதைத் தூக்கியிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டாரு.”

இறந்தவரின் சொல்லுக்கும் பழுது வராமல், இருக்கிறவர்களின் சூத்திரத்துக்கும் பழுது வராமல் வழக்கு முடிந்தது. அன்றுமுதல் கல்லையெல்லாம் வைத்துக்கொண்டு, மணலையும் அதிலிருந்ததையும் விட்டுவிட்டார்கள். திருமேனி கூடை கூடையாகச் சுமந்து குஞ்சிதபாதத்தின் வீட்டை நிரப்பினார். கூடத்தில் இடம் போதாமல் பூசையறையிலும் அடுக்கினார்கள்.

சௌந்தரி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போக வழியில்லை.

“என்ன தம்பி இது? தாலிக்குப் பொன்னு கேட்டா, வீடு கட்டக் கல்லு சேர்த்து வெச்சிருக்கே?”

“தூக்கிப் பாருக்கா. எவ்வளவு கனம்!”

“உன் தலையை விடவா?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். குஞ்சிதபாதம் அதையும் ஒரு வினாவாகவே எடுத்துக்கொண்டு, சற்று நேரம் தலையைக் கைகளால் தாங்கிப் பார்த்தார்.

மலையிலிருந்து திரும்பும் வழியில் ஞானப்பிரகாசம் எட்டிப் பார்த்தார். கற்களைப் பார்த்தார். தம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, கல்லை முதல்லயே சல்லடையில சலிச்சு வெளியே போடணுங்க. ஒரே அளவுல பொடிமணலும் பொன்மாவும் இருந்தா, அதுல பொன்னுதான் கனம். அப்புறம் இன்னொண்ணு. மாவுப்பொன்னு தண்ணியில நனையாம மிதந்து போயிடும். எண்ணெய்க்கை படக் கூடாது. தொட்டித் தண்ணியில ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விட்டா மூழ்கிடும்.”

“இவ்வளவுதானுங்களா?” என்றார் குஞ்சிதபாதம்.

“எடுத்த எடுப்புல மேசையை நம்பிடாதீங்க. கொஞ்சம் பொன்னை அரத்தால ராவித் தூளாக்கி, மணல்ல கலந்து விட்டுப் பாருங்க. போட்டது திரும்பி வந்தா மேசை சரி. அப்புறம் ஆத்துமணலை விடலாம்.” சொல்லிவிட்டுப் பேருந்து ஏறியவர் மறுபடி அந்தப் பக்கம் வரவே இல்லை. பேருந்தின் பின்கண்ணாடி வழியாக நெடுந்தூரம் வரை பார்த்துக்கொண்டே போனார் என்று திருமேனி சொன்னார்.

முதலில் சோப்பைப் பற்றிய ஆராய்ச்சி நடந்தது.

“பொன்னுங்கறது திருமகள்” என்றார் பத்தர். “பாற்கடல்ல மிதந்து வந்தவளை மூழ்குன்னு சொல்றது அபசாரமில்லையா?”

“நாம எங்க சொல்றோம்? சோப்புதானே சொல்லுது” என்றார் உலகளந்தான். “சோப்பு பட்டா எதுவும் வழுக்கும். வழுக்கினது விழும். விழுந்தது மூழ்கும். இதுல நம்ம பாவம் எங்க வந்துச்சு?”

“ஒரு சொட்டுன்னாருங்களே?” என்றார் குஞ்சிதபாதம்.

“ஒரு சொட்டுக்கு ஒரு பொடி வழுக்கும். நமக்கு ஒரு பொடி போதுமா?”

ஆகவே ஊர்க் கடையிலிருந்த சோப்பு முழுவதும் தொட்டியில் கரைந்தது. எஞ்சின் ஓடியதும் நுரை எழுந்தது. முதலில் மேசை மறைந்தது. பிறகு எஞ்சின் மறைந்தது. பிறகு பத்தர் மறைந்தார். அவர் குரல் மட்டும் உள்ளிருந்து அம்பிகையின் நாமங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நுரை வடிந்து பத்தர் வெளிப்பட்டபோது மேசையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. கீழ்த்துறையில் துணி வெளுத்தவர்கள் மட்டும் அன்று அரிமணலூரை வாழ்த்தினார்கள்.

“பொன்னு நல்லா மூழ்கிடுச்சு. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மூழ்கிடுச்சு” என்று உலகளந்தான் அமைதியாகச் சொன்னார்.

அடுத்து, மேசையை நம்பலாமா என்ற சோதனை. குஞ்சிதபாதம் தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். பத்தர் அதை ராவித் தூளாக்கினார். மணலோடு கலந்து மேசையில் விட்டார்கள். எஞ்சின் ஓடியது; பலகை ஆடியது. சற்று நேரத்தில் கருமணலின் ஓரமாக, மஞ்சள் பூசிய நூலைப்போல் ஒரு பொன்வரி தோன்றி, நெளிந்து நெளிந்து மறுகோடியை நோக்கி நகர்ந்தது. குஞ்சிதபாதம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மேசையை வணங்கினார்.

“போட்டது வந்துடுச்சு! மேசை சரி! ஆத்துமணலைக் கொண்டாங்கப்பா!”

உலகளந்தான் கையை உயர்த்தினார். “பொறுங்க. இன்னைக்கு மேசை சரி. நாளைக்கு?”

எவரும் அதை நினைக்கவில்லை.

“நாளைக்குச் சரியா இருக்குமான்னு இன்னைக்கு எப்படிங்க தெரியும்?” என்றார் திருமேனி.

“அதுதான். நாளைக்குப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.”

அப்படியே மறுநாளும் போட்டுப் பார்த்தார்கள். வந்தது. அதற்கு மறுநாளும் போட்டார்கள். வந்தது. சோதனை முடியப் பொழுது சாய்ந்துவிடும். ஆற்றுமணலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வீடு திரும்புவார்கள். ஒவ்வொரு நாளும் பொன்னில் ஒரு பங்கு கீழ்விளிம்பில் வழிந்து ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. பத்தர்தான் முதலில் அதைக் கவனித்தார்.

“வரவரக் குறைஞ்சு வருதே?”

“நேத்து வந்ததைத்தானே இன்னைக்குப் போட்டோம்?” என்று உலகளந்தான் கேட்டார். “போட்டதே குறைச்சல். குறைச்சலாப் போட்டா நிறைய வருமா? மேசை மேல பழி போடாதீங்க.”

பழி போட எவருக்கும் மனம் வரவில்லை. பொன்வரி நூலாயிற்று, நூல் இழையாயிற்று, இழை இருக்கிறதோ இல்லையோ என்னும் ஐயமாயிற்று. கடைசியில் ஒருநாள், போடுவதற்கு ஒன்றுமில்லாமல் வெறும் மணலை விட்டார்கள். ஒன்றும் வரவில்லை.

உலகளந்தான் மேசையைத் தட்டிக்கொடுத்தார். “ஒண்ணும் போடலை, ஒண்ணும் வரலை. இதுக்கு மேல ஒரு மேசை சரியா இருக்க முடியாது. இனி நம்பலாம்.”

எல்லோரும் மகிழ்ந்தார்கள். குஞ்சிதபாதமும் மகிழ்ந்தார். மகிழ்ந்துகொண்டே விரலைப் பார்த்தார். மோதிரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம் மட்டும் இருந்தது. அப்போதுதான், பொழுது விடிந்தால் கல்யாணம் என்பது அவருக்கு நினைவு வந்தது. பந்தலின் கடைக்கோடியும், பாய் விரிக்காத தரையும் கண்முன் வந்து நின்றன. தோளிலிருந்து பூங்கோதையை வேறு எவனோ இறக்குவதுபோல் இருந்தது. அவர் மணலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

“அழாதீங்க குஞ்சிதம்” என்றார் உலகளந்தான். “உங்க பொன்னு எங்கயும் போகலை. இத்தனை நாளும் அது மோதிரப்பொன்னு. இப்ப ஆத்துல கலந்து ஆத்துப்பொன்னு ஆயிடுச்சு. வழக்கத்துல பாதி நிறைவேறிடுச்சு.”

“மீதி?”

“எடுக்கணும். அவ்வளவுதான்.”

“ஆத்துல எங்கன்னு தேடுறது?”

“ஆத்துல எதுக்குத் தேடணும்? அந்தக் காலத்துல ஓர் அடியார் பொன்னை ஆத்துல போட்டுட்டுக் கோயில் குளத்துலதானே எடுத்தாரு?”

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனால் பத்தர் மெல்லக் கேட்டார்: “அவருக்கு ஆண்டவனே துணை நின்னாரு. நமக்கு யாரு இருக்கா?”

உலகளந்தான் மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

“நமக்கு டீசல் எஞ்சின் இருக்கு.”

உடனே திருமேனி மேசையையும் எஞ்சினையும் தனியொருவராகத் தூக்கிக்கொண்டு கோயில் குளத்துக்கு நடந்தார். கோடையாதலால் குளத்தில் நடுவில் மட்டுமே நீர் இருந்தது. படித்துறைச் சேற்றை அள்ளி மேசையில் விட்டார்கள். சோப்பு தீர்ந்துவிட்டிருந்தது. கல்லைத் தூக்கத் திருமேனிக்கு அலுப்பு. அதனால் சலித்து எறிந்தார். கவலையில் எவரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. இவ்வாறு எல்லாக் குறைகளும் ஒன்றுகூடி, மேசை முதன்முறையாக முறைப்படி இயங்கியது.

கருமணல் நகர்ந்தது. அதன் பின்னால், ஊர்வலத்தின் கடைசியில் வரும் மூர்த்தியைப்போல, ஒரு பொன்மூக்குத்தி மெல்ல ஆடி ஆடி வந்து மறுகோடியில் நின்றது. எந்தக் காலத்தில் யார் மூழ்கி எழும்போது தொலைத்ததோ, அந்த ஊரில் அதைத் தேடுவாரில்லை.

“நாம தூளாத்தானே போட்டோம்?” என்றார் பத்தர்.

“மோதிரமா இருந்தது தூளாகலையா? தூளு மூக்குத்தியாகக் கூடாதா?” என்றார் உலகளந்தான். குன்றிமணியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடையிருந்தது. குஞ்சிதபாதம் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேரே அக்காள் வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை தணிகாசலமும், அவன் தந்தை வீரபாகுவும் சுற்றம் சூழ வந்து இறங்கினார்கள். வீரபாகு வழக்கங்களில் ஒரு நூலிழையும் விட்டுக்கொடுக்காதவர். மூக்குத்தியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“பொன்னு நல்ல பொன்னுதான். எங்க எடுத்தீங்க?”

“குளத்துலங்க சம்பந்தி.”

“அப்பக் குளத்துப்பொன்னு. வழக்கம் ஆத்துப்பொன்னாச்சே.”

மேளம் நின்றுவிட்டது. குஞ்சிதபாதம் ஓரடி முன்னே வந்தார். “குளத்துக்கும் ஆத்துலேர்ந்துதாங்க தண்ணி வருது” என்றார்.

“எங்க வீட்டுக் குடத்துக்கும் ஆத்துலேர்ந்துதான் தண்ணி வருது. குடத்துல எடுத்தா ஆத்துப்பொன்னா?”

நியாயமான கேள்விதான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சௌந்தரி மட்டும், “அட, ஏதோ ஒரு பொன்னைக் கட்டித் தொலைங்களேன், சோறு ஆறுது” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

உலகளந்தான் எழுந்து நின்றார். “இது ஒரு கஷ்டமாங்க? ஆத்துல போட்டுட்டா ஆத்துப்பொன்னு!”

வீரபாகு வியந்து போனார். “இந்த மாதிரி ஒரு மூளை எங்க ஊர்ல இல்லையே!” என்று மனமார ஒப்புக்கொண்டார். எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். தவறிப்போய்க் கரையில் விழுந்துவிடக் கூடாது என்று மூக்குத்தியைத் திருமேனியிடம் கொடுத்தார்கள். அவர் தம் வலிமை முழுவதையும் திரட்டி எறிந்தார். அது சூரியனில் ஒருமுறை மின்னி, ஆற்றின் நடுமடுவில், யானை நின்றாலும் மூழ்கும் ஆழத்தில் போய் விழுந்தது.

“இப்ப அது ஆத்துப்பொன்னுதானுங்களே?” என்று குஞ்சிதபாதம் கேட்டார்.

“சந்தேகமே இல்லை” என்றார் வீரபாகு.

“அப்ப நான் பெண்ணைத் தூக்கலாமுங்களா?”

“தாராளமா.”

குஞ்சிதபாதம் வீட்டுக்கு ஓடி, பூங்கோதையைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேளம் முழங்க ஆற்றங்கரைக்கு வந்தார். அவருடைய முகத்தில் அன்று இருந்த ஒளியைக் கண்டவர்கள், அதற்குமேல் அவரிடம் எதையும் கேட்கத் துணியவில்லை.

“மாமா, என்னை இறக்கி விட்டுட்டு அந்த மூக்குத்தியைத் தேடுங்க. முகூர்த்தம் போயிடும்” என்றாள் பூங்கோதை, மேலிருந்து.

“தூக்கினவன் மணவறை வரைக்கும் இறக்கப்படாது கண்ணு.”

மறுபடியும் உலகளந்தானே வழிகாட்டினார். “பொன்னு ஆத்துக்குள்ள இருக்கு. கயிறு நம்ம கையில இருக்கு. பெண்ணும் ஆத்துல நின்னா பொன்னு, கயிறு, கழுத்து மூணும் ஒரே இடம். ஆத்தையே மணவறைன்னு வெச்சுக்குவோம்.” அவ்வாறே பூங்கோதை இடுப்பளவு நீரில் நின்றாள். தணிகாசலம் மஞ்சள் கயிற்றைக் கட்டினான். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பாதி தம்பதியர்மேலும் பாதி மீன்கள்மேலும் விழுந்தது.

கரையேறும்போது வீரபாகு திடீரென்று நின்றார்.

“ஒரு சந்தேகம். கயிறு இந்தப் பெண்ணு கழுத்துல. தாலிப்பொன்னு ஆத்தோட மடியில. அப்படின்னா என் பையன் யாருக்குத் தாலி கட்டினான்?”

நெடுநேரம் ஆலோசனை நடந்தது. பாதி தாலி என்று ஒன்று கிடையாது என்று பத்தர் சொன்னார். ஆகவே இருவருக்கும் முழுதாகவே கட்டியாயிற்று என்று முடிவாயிற்று. “ஈசனே ஒருத்தியை இடப்பாகத்துலயும் ஓர் ஆத்தைச் சடையிலயும் வெச்சிருக்காரு. நம்ம மாப்பிள்ளைக்கு அதுல என்ன குறை?” என்று உலகளந்தான் கேட்க, தணிகாசலம் தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

குஞ்சிதபாதம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடி ஆற்றில் இறங்கினார். ஒரு மருமகளைச் சுமந்துவிட்டு இன்னொருத்தியை விட்டுவிட்டு வருகிறவர் அல்லர் அவர். நீருக்குள் குனிந்து, தோளைத் தாழ்த்தி, “ஏறிக்க ஆத்தா” என்றார்.

நீர் அவர் கழுத்துவரை ஏறியது.

“ஏறிட்டாங்க அண்ணே! எழுந்திரிங்க!” என்று திருமேனி கரையிலிருந்து கூவினார்.

அவர் எழுந்து, சொட்டச் சொட்ட நனைந்தபடி, தோளில் எதையோ இரு கைகளாலும் தாங்கிக்கொண்டு பந்தலை நோக்கி நடந்தார். மேளம் முன்னே சென்றது. “பூ மாதிரி இருக்கா. மூட்டை எவ்வளவோ கனம்” என்று வழியில் உள்ளவர்களிடம் சொன்னார். மணவறையில் பூங்கோதைக்குப் பக்கத்தில் ஒரு மணை போட்டு, தோளிலிருந்ததை மெதுவாக இறக்கினார். மணை நனைந்தது. சௌந்தரி, தலைவிதியே என்று, அதற்கும் குங்குமம் இட்டாள்.

பந்தி முடிவதற்குள் மணை உலர்ந்துவிட்டது.

“ஐயோ, சின்ன மருமகளைக் காணோமே!” என்று வீரபாகு பதறினார்.

குஞ்சிதபாதம் மணையைத் தடவிப் பார்த்துவிட்டு, மனநிறைவோடு சிரித்தார். “பயப்படாதீங்க சம்பந்தி. புதுப்பெண்ணுல்ல? பிறந்த வீட்டு நினைப்பு வந்து, சொல்லிக்காமப் போயிட்டா. மாப்பிள்ளை போய் மரியாதையாக் கூப்பிட்டா வந்துடுவா.”

அதுவே முறை என்று சபை ஒப்புக்கொண்டது. தணிகாசலம் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஆற்றங்கரைக்குச் சென்று, செருப்பைக் கழற்றிவிட்டு, வெகுநேரம் பணிவோடு நின்றான். திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

“வழக்கப்படி மாமனாரும் வந்து அழைக்கணுமாம். அவங்க எங்கப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க.”

இக்கதையைச் சொன்னவர்க்கும், செவிசாய்த்துக் கேட்டவர்க்கும், கேட்டு வாய்விட்டுச் சிரித்தவர்க்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டவர்க்கும், எல்லாம் வல்ல பெருமான் நல்ல சம்பந்திகளையும், ஆறாத சோற்றையும், வற்றாத நீரையும் அருளி, நீடூழி வாழவைப்பானாக.